கோவாப் புழுவுக்கு மருந்து தேடிச் சென்னையில் மூன்று நாள்

சென்னைக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், கலியாணச் சேலை எடுக்கப் போவார்கள், கண் காட்டப் போவார்கள். நான் புழுவுக்கு மருந்து வாங்கப் போனேன். விமான நிலையத்தில் என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் மட்டும் கண் காட்ட வந்ததாகச் சொன்னேன். முழுப் பொய் இல்லை. இடது கண் கொஞ்ச நாளாக மங்கல்தான். ஆனால் அந்தக் கண்ணை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

என் தங்கை யோகம் அச்சுவேலிக்குப் பக்கத்தில் மூன்று பரப்புக் காணியில், கால் ஏக்கருக்கும் குறைவு, கோவா போட்டிருந்தாள். இந்தியாவில் முட்டைக்கோஸ் என்பதை யாழ்ப்பாணத்தில் கோவா என்போம். கணவன் போன பிறகு அந்தச் செம்மண்தான் அவளுக்குச் சோறு. போன வருடம் இதே கோவாவுக்குப் புழு பிடித்து, மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று நாள் தொடர்ந்து நஞ்சு அடித்தாள். மூன்றாம் நாள் பாத்திக்குள்ளேயே விழுந்தாள். வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். ஆனால் வலது கை விரல்களில் நடுக்கம் தங்கிவிட்டது. இனி ஒருதரம் இந்த நஞ்சு உடம்பில் ஏறினால் கை போகும், அல்லது ஆளே போகும் என்று டாக்டர் சொன்னார்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேப்பரில் வருவதையெல்லாம் வாசித்துவிட்டு ஊருக்குப் புத்தி சொல்லுகிற வியாதி எனக்கு உண்டு. புழுவைக் கொல்லுகிற கிருமியையே பவுடராக்கி விற்கிறார்கள், அது மனிதருக்கு ஒன்றும் செய்யாது, வேப்பங்கொட்டைச் சாறும் கூட அடித்தால் நஞ்சே தேவையில்லை என்று வாசித்திருந்தேன். "இனி நீ டாங்கியைத் தொடத் தேவையில்லை, அதுக்கு நான் பொறுப்பு" என்று அவளிடம் சொல்லியும் விட்டேன். யோசனை என்னுடையது. தோட்டமும் கையும் அவளுடையவை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி எப்போதோ சென்னையிலிருந்து கொண்டுவந்து தந்த கிருமிப் பவுடர் ஒரு பொட்டலம் என் அலுமாரியில் ஒரு வருடமாகப் பிரிக்காமல் கிடந்தது. இந்த வருடமும் கோவாவில் புழு கண்டது. புறப்படுகிறதற்கு முதல் நாள், வெயில் தாழ்ந்த பிறகு, அதைக் கரைத்துப் புதிதாக வாங்கிய கைத்தெளிப்பானால் இருவரும் மாறி மாறி அடித்தோம். அது ஒருமுறைக்குத்தான் காணும். வாரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்றால் இன்னும் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் நஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் சென்னை.

முதல் நாள் தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். தை பிறக்க இன்னும் நாலைந்து நாள். ரங்கநாதன் தெருவுக்குள் தெரியாமல் காலை வைத்துவிட்டேன். பிறகு நான் நடக்கவில்லை. சனம் என்னைக் கொண்டுபோய் மறுமுனையில் விட்டது. நல்லூர்த் தேருக்குக் கூட இவ்வளவு நெரிசலை நான் பார்த்ததில்லை. அங்கே சாமிக்காகவாவது கொஞ்சம் விலகுவார்கள்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். இட்டலிக்கு நாலு கிண்ணத்தில் நாலு வகை வந்தது. எங்களூரில் சம்பல் ஒன்று, சாம்பார் ஒன்று, அதற்கு மேல் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் பக்கத்து மேசையில் ஒருவர் கோஸ் பொரியலை இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். யாரோ முதுகு முறிந்து வளர்த்தது என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பின்னேரம் யோகம் ஊரிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணை, விடிய ஆறு மணிக்கே போய்ப் பாத்திட்டன். ஒரு புழுகூட விழேல்லை."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மருந்து அடித்தால், விடிய முதல் வேலையாகப் பாத்திக்குப் போய்ச் செத்து விழுந்த புழுவை எண்ணுவோம். ஒரு செடிக்கு அடியில் ஐந்து, பத்து என்று எண்ணி, அதைப் பக்கத்துத் தோட்டக்காரனிடம் சத்தமாகச் சொல்லுவோம். மருந்துக்கு அதுதான் சான்றிதழ். புழு விழாத மருந்தை எங்கள் ஊரில் மருந்து என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு நாள் பொறு பிள்ளை" என்றேன்.

இரண்டாம் நாள் காலை பாண்டி பஜார் பக்கம் போனேன். அங்கே சேலை, செருப்பு, கவரிங் நகை, காதணி என்று எது கேட்டாலும் இருக்கிறது. புழு மருந்து கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஒரு சேலைக் கடைக்காரர் இரக்கப்பட்டு உட்தெருவில் இருந்த ஹார்டுவேர் கடைக்கு அனுப்பினார். அந்தக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சில் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. கரப்பானுக்கு இருக்கு, எலிக்கு இருக்கு, மூட்டப்பூச்சிக்கு இருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

"முட்டைக்கோஸ் இலை தின்கிற புழுவுக்கு."

"கோஸுக்குள்ள புழு இருந்தா அத எடுத்துப் போட்டுட்டு நறுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, வீட்டுல. இதுக்குப் போயி மருந்து வாங்குதீகளே."

மூன்று பரப்புக் காணி என்று விளக்கினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க ஊர்ப்பக்கம்னா சொசைட்டியில கேட்டு வாங்கலாம். இங்க மெட்ராஸ்ல மண்ணே கெடையாதே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். தோட்டத்து மருந்தைத் தோட்டமே இல்லாத இடத்தில் தேடி வந்த ஆள் நான். தபால் கந்தோரில் முப்பது வருடம் சரியான விலாசத்துக்குக் கடிதம் அனுப்பியவனுக்கு, தன் காலை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

அவரே மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் செடி விற்கிற கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறி, மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்ப நடந்து அந்தக் கடையைப் பிடித்தேன். சின்னக் கடை. மண்சட்டி, தேங்காய்நார்த் தூள், விதைப் பொட்டலம். வேப்பெண்ணெய் மட்டும் கைக்கடக்கமான போத்தல்களில் வரிசையாக நின்றது. பத்து லீட்டர் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இருப்பது எட்டுப் போத்தல் என்றார்.

அங்கே மஞ்சள் பையுடன் ஒரு மாமி நின்றார். அறுபது வயதிருக்கும்.

"எங்காத்து மாடியில ஏழு தொட்டி வச்சிண்டிருக்கேன். வேப்பெண்ணெய்ல துளி சோப்பைக் கரைச்சு சாயங்காலம் தெளிச்சுடுவேன். புழு கிட்டவே வராது, தெரியுமோ?" என்றார்.

ஏழு தொட்டிக்கு வருகிற புழு வேறு, காற்றோடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வருகிற புழு வேறு. அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வளவிலும் வேம்பு நிற்கிறது. ஆடியில் கொட்டை விழும்போது பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருந்தால் இப்போது இடித்துச் சாறு எடுத்திருக்கலாம். பொறுக்கினேன், சாக்கோடு ஈரச் சீமெந்துத் தரையில் வைத்தேன், பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணம் பிடித்த கொட்டையில் வேகம் இல்லை என்றும் பேப்பரில்தான் வாசித்தேன், பிறகு.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டு அறிந்ததும் மாமிக்கு மனம் இளகிவிட்டது. "கிருமிப் பவுடரா? கொட்டிவாக்கத்துல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு பண்றா. படிச்ச பொண்ணு. போன் பண்ணா எடுக்க மாட்டா, நேரே போயிடுங்கோ" என்று ஒரு துண்டில் தெருப் பெயரை எழுதித் தந்தார். அந்தத் துண்டை வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி அதைப் பார்த்துவிட்டுக் குடை எடுத்து வரலையா, வெயில் தாங்கலையே என்று வேறு எதையோ பேசினார்.

ஆட்டோ பிடித்தேன். அடையாறு தாண்டும் வரை ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

"கேஸ் காலி சார். கொஞ்சம் எறங்கி தள்ளிக்கினு வந்தீன்னா பங்க் கிட்டதான் கீது" என்றார் ஓட்டுநர்.

தள்ளினேன். பங்க் கிட்ட இல்லை. வழியெல்லாம் அவர் கதை கேட்டுக்கொண்டே வந்தார். "இன்னா சார், சிலோனா நீ? பேச்சே சொல்லுது. புழுவுக்கோசரம் பிளைட் ஏறி வந்தியா? எங்க வூட்டாண்ட கொசுவுக்கே ஒரு மருந்தும் கேக்க மாட்டேங்குது, நீ இன்னாடான்னா…" பங்கில் ஆட்டோ வரிசை தெருமுனை வரை நின்றது. அங்கே முக்கால் மணித்தியாலம் போனது.

கொட்டிவாக்கத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது ஐந்தரை. கீழ்த்தளத்துக் கதவில் பூட்டு. வாசலுக்கு எதிரே அலுமினியத் தட்டில் மீன் வைத்து ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சிலுவை. ஜெசிந்தாவின் தாய் அவர்தான்.

"பாப்பா இல்ல நைனா. மாதவரம் போய்க்கீது, சாமான் எடுக்க. காலைல ஒம்போது மணிக்கா வா, இருக்கும்."

நான் அப்படியே அங்கே நின்றிருக்க வேண்டும். முகம் பேயறைந்தது போல் இருந்திருக்கும். அந்த அம்மாள், "இன்னா நைனா, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடற்கரைப் பக்கம் போய் நின்று யோகத்துக்குப் போன் எடுத்தேன். எதிரே இருந்தது எங்கள் பக்கத்திலும் இருக்கிற அதே கடல்தான்.

"இண்டைக்கும் விழேல்லை அண்ணை. இலையில அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்குது. குருத்துக்கிட்டயும் நிக்குது. குருத்தைத் திண்டால் கோவா கட்டாது, எல்லாம் முடிஞ்சுது. உங்களுக்குப் பவுடர் கிடைச்சதோ?"

"இன்னும் இல்லை. நாளைக்குத்தான் தெரியும்."

"அப்ப நாங்கள் அடிச்சது?"

கால் உளைந்தது. காலையில் தின்ற இட்டலிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு நாள் முழுக்கச் சேலைக் கடையிலும் செடிக் கடையிலும் என்னைப் பைத்தியம் போலப் பார்த்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் சொன்னேன்.

"அது செத்த பவுடர் பிள்ளை. ஒரு வருசம் அலுமாரிக்குள்ள கிடந்து கிருமி செத்துப் போச்சு. இனி அதை நம்பாதை. நான் வரும்வரைக்கும் பொறு."

அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் சொன்னதில் முன்பகுதியைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். கண்முன்னே புழு நிற்கும்போது பொறு என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு முதலே போய்க் காத்திருந்தேன். ஜெசிந்தாவுக்கு முப்பது வயதுக்குள்தான். நுண்ணுயிர்ப் படிப்புப் படித்துவிட்டு, அந்தக் கீழ்த்தளத்தில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்துச் செய்கிறார். ஒரு அறையில் பெரிய கண்ணாடிச் சாடிகளில் கஞ்சித் தண்ணீர் போல ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. புளித்த மா மணம் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

பத்துப் பொட்டலம் வேண்டும் என்றேன்.

"எந்த ஊருக்கு சார்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தர முடியாது சார். இது உசுருள்ள சாமான். கடல் தாண்டிப் போகணும்னா உங்க கவர்மென்ட் பேப்பர் வேணும். இல்லன்னா ஏர்போர்ட்ல புடிச்சுருவாங்க. புடிக்கலன்னாலும் அது தப்பு சார்."

நான் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. உறவுக்காரப் பெண் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள் என்பதால் எல்லோரும் கொண்டுவரலாம் என்று நினைத்துவிட்டேன். கதிரையில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என் கதையை முழுக்கச் சொன்னேன். பழைய பொட்டலத்தைப் பற்றியும் சொன்னேன்.

"அந்த பாக்கெட் போட்டோ இருக்கா?"

போனில் இருந்ததைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "ஒரு வருஷம்தானே? ஈரம் படாம, வெயில் படாம வெச்சிருந்தீங்கன்னா இது சாகாது சார். சாயங்காலம்தான் அடிச்சீங்க? கரெக்டாத்தான் பண்ணியிருக்கீங்க."

"புழு சாகவில்லையே."

அவர் எழும்பிப் போய் மேசையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து வந்தார். இரண்டிலும் கோஸ் இலை, இரண்டிலும் பச்சைப் புழு. எல்லாப் புழுவும் உயிரோடுதான் இருந்தன.

"இதுல எதுக்கு மருந்து போட்டிருக்கேன், சொல்லுங்க."

இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன்.

"எச்சத்தைப் பாருங்க சார். இந்த டப்பால கறுப்பு கறுப்பா எவ்ளோ கிடக்கு. அதுல ஒண்ணுமே இல்ல. இலைலயும் புது ஓட்டை இல்ல. அதுலதான் மருந்து. இது விஷம் கிடையாது, அடிச்சதும் விழறதுக்கு. புழு இதத் தின்னணும், வயித்துக்குள்ள போயி குடலை ஓட்டை போடும். அன்னிக்கே சாப்பிடறத நிறுத்திடும். அப்புறம் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். சாகறதுக்கு மூணு நாள், சில சமயம் நாலு நாள் கூட ஆகும். எங்க விவசாயிங்களும் மொத நாள் காலைல போய் செத்த புழுவைத்தான் தேடறாங்க. நான் தலையில அடிச்சிக்கறேன்."

ஒட்டிக்கொண்டு நிக்குது. யோகம் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். தின்னுது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று பரப்பிலும் புழு பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறது. பவுடர் வேலை செய்திருக்கிறது. நான் சென்னைக்கு வந்திருக்கவே தேவையில்லை. சந்தோஷத்தில் நம்பரை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன்.

முதல் அழைப்புக்கு எடுக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு எடுத்தாள்.

"பிள்ளை, அந்தப் பவுடர் சாகேல்லை. ஒண்டும் செய்யாதை, இலையில எச்சம் கிடக்கோ எண்டு மட்டும் பார்."

"நான் அடிச்சிட்டன் அண்ணை."

"என்னத்தை?"

"நஞ்சுதான். செத்த பவுடர் எண்டு சொன்னனீங்கள்தானே. பக்கத்து வளவில டாங்கியும் மருந்தும் கேட்டு வாங்கி வெள்ளனவே அடிச்சு முடிச்சிட்டன். இப்ப எல்லாம் செத்துப் போச்சு, நீங்கள் யோசிக்காதேங்கோ. உண்மையைச் சொன்னால் நான் போகேக்கையே கனக்கப் புழு கறுத்துத் தொங்கிக்கொண்டு நிண்டது. எதுக்கும் ஒருக்கா அடிச்சு விடுவம் எண்டு அடிச்சன்."

ஜெசிந்தாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"உனக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"தலை கொஞ்சம் சுத்துது. வாயில எச்சில் ஊறிக்கொண்டு கிடக்கு. வேறை ஒண்டுமில்லை. கை மட்டும்…"

கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழுகு, உடுப்பை மாற்று, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ, பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் சைக்கிளில் ஏற்றச் சொல்லு என்று கத்தினேன். அவள் சரி, சரி என்றாள். கத்துவதற்கு மட்டும் கடல் தாண்டி எனக்குக் குரல் இருந்தது. வெளியே வந்தபோது ஜெசிந்தாவின் தாய் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "கெடைச்சுதா நைனா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அன்று தியாகராய நகருக்கு எப்படித் திரும்பிப் போனேன் என்று நினைவில்லை.

ஊருக்கு வந்தேன். யோகம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கோவாவின் குருத்து ஒரு சேதமும் இல்லாமல் நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்து, இந்தியாப் பவுடரும் மண்ணும், நஞ்சுதான் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன மாதம் வரைக்கும் என்னிடம் அந்தப் பவுடரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் போன பிறகு யோகத்திடம் சொன்னேன். டப்பா, எச்சம், பட்டினி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்படிப் பிடித்தும் அது தளும்பியது.

"அப்ப நான் போகேக்கை கறுத்துத் தொங்கினது?"

"பவுடருக்குச் செத்தது. மற்றதும் அண்டைக்கோ அடுத்த நாளோ செத்திருக்கும்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்றாள். "செத்த புழுவைக் கண்ணால பாத்துக்கொண்டே நஞ்சடிச்சிருக்கிறாள் விசரி எண்டு சிரிப்பினம்."

இரண்டு மாதம் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது அவளால் பொத்தான் பூட்ட முடிவதில்லை. என் மனைவி போய்ப் பூட்டிவிட்டு வருகிறாள். யோகம் கேட்டுக்கொண்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் ஆளைப் பிழையாகப் பிடித்துவிடக் கூடாது. அந்தப் பவுடர் செத்துவிட்டது என்று, ஒரு இலையைக்கூடப் பார்க்காமல், கொட்டிவாக்கம் கடற்கரையில் நின்று சொன்னவன் நான்.